இனிஷியல் மாறிய பெயர்களைத் தேடி: பெண்கள் பள்ளி முன்னாள் மாணவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், காவிரிக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். சில வருடங்களாக எங்கள் பள்ளியின் பழைய மாணவிகளைத் தேடிப் பட்டியல் எடுத்துவருகிறோம். மன்னார்குடி, பாபநாசம், சீர்காழி என்று பக்கத்து ஊர்களில் படித்தவர்களும் "எப்படி ஆரம்பித்தீர்கள், யாரைக் கேட்டீர்கள்" என்று விசாரிக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நாங்கள் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன். பள்ளியின் பெயரைப் போடவில்லை. எங்கள் பட்டியலில் உள்ள சிலர் தங்களை யாரும் அடையாளம் காண வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். பள்ளியும் வருடமும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம்.

ஆண்கள் பள்ளியில் பழைய மாணவர்கள் ஒரு மாதத்தில் கூடிவிடுகிறார்கள். உங்களுக்கு ஏன் இத்தனை வருடம்?

பையன் படித்து முடித்தபிறகும் அவன் பெயர் அதேதான், இனிஷியல் அதேதான். வெளியூர் போயிருந்தாலும் அவன் தெருவில் போய்க் கேட்டால் அப்பாவோ அண்ணனோ நம்பர் கொடுத்துவிடுவார்கள். பெண்ணுக்கு அப்படியில்லை. பதிவேட்டில் அப்பாவின் எழுத்து 'கோ' என்று இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு புருஷனின் எழுத்து 'ரா' வந்துவிடும். ரேஷன் கார்டு வேறு ஊரில், வோட்டர் லிஸ்ட் வேறு ஊரில். பெற்றோர் காலமாகி, வீடும் கைமாறிவிட்டால் அந்தத் தெருவில் அவளை நினைவில் வைத்திருப்பவர்களே இல்லாமல் போகிறார்கள். ஒரே வகுப்பில் மூன்று விஜயா இருந்தால் இன்னும் கஷ்டம். நாங்கள் செய்கிற வேலையில் பெரும்பங்கு, பழைய இனிஷியலையும் புது இனிஷியலையும் கோர்ப்பதுதான்.

அதனால் முதல் நாளே ஒரு முடிவு எடுத்தோம்: பட்டியலில் எல்லோர் பெயரும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடிதான் முதலில் வரும். கல்யாணத்துக்குப் பிந்தைய பெயர் அதற்குப் பக்கத்துக் கட்டத்தில். ஐம்பது வருடம் கழித்து அப்பா இனிஷியலோடு தன் பெயரைப் பார்த்த ஒரு அக்கா, அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கிருந்து தொடங்குவது?

சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து. மாணவியின் பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, விலகிய நாள், டி.சி. கொடுத்த விவரம் எல்லாம் அதில் இருக்கும். அது பள்ளியின் நிரந்தர ஆவணம், வெளியே தரமாட்டார்கள், தரவும் கூடாது. தலைமையாசிரியையிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, அலுவலக அறையிலேயே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகளில் இரண்டு இரண்டு பேராகப் போனோம். ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுத. சாதி என்ற கட்டத்தை நாங்கள் எழுதிக்கொள்ளவே இல்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

பழைய பதிவேட்டைப் படிக்கும்போது இரண்டு விஷயம் குழப்பும். ஒன்று, ஊர்ப் பெயர். மாயூரம், மாயவரம், மயிலாடுதுறை மூன்றும் ஒரே ஊர். அதேபோல 1991 வரை இந்தப் பகுதி முழுக்கத் தஞ்சாவூர் மாவட்டம்தான். அந்த வருடம் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997ல் திருவாரூர், 2020ல் மயிலாடுதுறை. "தஞ்சாவூர் ஜில்லா" என்று இருப்பதைப் பார்த்துத் தஞ்சாவூரில் போய்த் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இரண்டாவது, வகுப்பு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978ல். அதற்கு முன்னால் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினார்கள், அப்புறம் கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. எனவே 1970ல் பதினொன்றாம் வகுப்பு முடித்தவரைப் "பிளஸ் ஒன்னோடு நின்றவர்" என்று எழுதிவிடக் கூடாது. நாங்கள் அப்படி எழுதி, ஒரு பெரியம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அவர் அந்தக் காலத்தில் தன் தெருவிலேயே முதல் எஸ்.எஸ்.எல்.சி.

எங்கள் பள்ளியில் பழைய பதிவேடே இல்லை. தண்ணீர் புகுந்து போய்விட்டது. என்ன செய்வது?

டெல்டாவில் இது புதிதல்ல. ஐப்பசி கார்த்திகை மழையில் ஓட்டுக்கட்டடம் ஒழுகும், கரையான் வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கூரையே போன கட்டடங்கள் எத்தனையோ. காகிதம் போனாலும் வழி இருக்கிறது.

எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது மொய் நோட்டு. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். நம் பக்கத்தில் கல்யாண மொய் நோட்டை யாரும் தூக்கிப்போடுவதில்லை. திருப்பிச் செய்ய வேண்டுமே. 1970, 80களில் நடந்த கல்யாணத்தின் மொய் நோட்டில் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். "பள்ளித் தோழிகள், எவர்சில்வர் குடம் 1" என்று இருக்கும், கீழே ஐந்தாறு பெயரும் ஊரும் இருக்கும். அப்படி ஒரு நோட்டிலிருந்து மட்டும் ஒரு வகுப்பில் பாதியைப் பிடித்தோம்.

அடுத்தது குரூப் போட்டோ. இருபது வீட்டில் கேட்டால் ஒரு வீட்டில் இருக்கும், பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில். பின்பக்கம் பெயர் எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். அப்புறம் ஆட்டோகிராஃப் நோட்டு, விளையாட்டு விழாச் சான்றிதழ், பழைய கல்யாணப் பத்திரிகைகள். கடைசியாக ஒரு இடம் சொல்கிறேன்: பள்ளிக்கு எதிரே ரொம்ப நாளாகத் தையல் கடையோ ஸ்டோரோ வைத்திருப்பவர்கள். பாவாடை தாவணி யூனிஃபார்ம் தைத்தவருக்கு எந்தப் பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பதுவரை தெரிந்திருந்தது.

பாதியில் நின்றவர்களும் முன்னாள் மாணவிகளா?

ஆமாம். இதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆரம்பத்தில் பத்தாவது தேறியவர்களை மட்டும் எழுதலாம் என்று ஒரு கருத்து வந்தது. பதிவேட்டைப் புரட்டியதும் அது நிற்கவில்லை. ஏழாவதில், எட்டாவதில் "பெற்றோர் விருப்பப்படி விலகினார்" என்று வரிசையாக வருகிறது. பெற்றோர் விருப்பம் என்றால் என்ன என்று அந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரியும். வயசுக்கு வந்துவிட்டாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நடவுக்கும் களைபறிப்புக்கும் கை தேவைப்பட்டது, பஸ் இல்லாத ஊரிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து வரவேண்டும், நல்ல இடம் வந்தது. ஒரு காரணத்திலும் அந்தப் பெண்ணின் விருப்பம் என்ன என்று எழுதப்படவில்லை.

என்னோடு ஒன்பதாவதில் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தவள் கணக்கில் எனக்கே சொல்லிக்கொடுத்தவள். காலாண்டுத் தேர்வுக்கு அப்புறம் வரவில்லை. அவளைக் கண்டுபிடித்தபோது ஒரு சிற்றூரில் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டு முழுவதும் அவள் கையெழுத்தில் இருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. "நான் பாஸ் பண்ணலையே, என்னை எதுக்குத் தேடி வந்தே" என்று கேட்டாள். அன்று இரவே சேர்க்கை நாளைத்தான் தகுதியாக வைப்பது என்று எங்கள் நோட்டில் எழுதிவிட்டேன். ஒரு நாள் அந்தப் பள்ளியில் சேர்ந்து உட்கார்ந்திருந்தாலும் அவள் எங்கள் பள்ளி மாணவிதான்.

பெரிய ஆளாக வந்த மாணவிகள் யார்? சொல்லிக்கொள்ளும்படி யாராவது உண்டா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூரில் நிர்மலா பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்தவர் என். வளர்மதி. 1984ல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2012ல் விண்ணில் ஏறிய ரிசாட்-1 செயற்கைக்கோளுக்குத் திட்ட இயக்குநர். தமிழ்நாடு அரசு 2015ல் அப்துல் கலாம் விருதைத் தொடங்கியபோது முதலில் பெற்றவர் அவர்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புமுன் எண்ணிக்கை சொல்லும் குரலாகவும் நாடு அவரைக் கேட்டது. 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்பியபோதும் ஒலித்தது அந்தக் குரல்தான். அதே வருடம் செப்டம்பரில் காலமானார். ஒரு சிறு நகரத்துப் பெண்கள் பள்ளியின் பெஞ்சிலிருந்து போன குரல் அது. அரியலூர்ப் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படலாம்.

எங்கள் பட்டியலில் அந்த அளவுக்கு நாடறிந்த பெயர் இல்லை. ஆனால் பட்டியலைப் பார்த்தால் இந்த மாநிலத்துப் பெண்களின் வரலாறே தெரிகிறது. 1989ல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதற்குப் பிந்தைய வகுப்புகளில் பாருங்கள்: கிராம நிர்வாக அலுவலர், கருவூலக் கணக்கர், போலீஸ் எஸ்.ஐ., வேளாண்மை அலுவலர். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஆனதும் ஊராட்சித் தலைவிகள் வருகிறார்கள். அதற்கு முந்தைய வகுப்புகளில் டீச்சரும் நர்ஸும் தபால் ஆபீஸும்தான்; அவ்வளவுதான் அப்போது திறந்திருந்த கதவு. அந்த நர்ஸுகளில் ஒருவர் 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் வேலை பார்த்தவர். எங்களுக்கு அவர் பெரிய ஆள்.

எங்கள் ஊரில் பிறந்த பிரபலமான பெண்களைப் பட்டியலில் சேர்க்கலாமா?

பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும். "இங்கேதான் படித்திருப்பார்" என்று யாரோ சொன்னதை எழுதினால் பட்டியல் முழுவதன் மேலும் நம்பிக்கை போய்விடும். ஆனால் அவர்களுக்குத் தனியாக ஒரு படச்சுவர் வைக்கலாம். வைத்தோம். அதில் உள்ள சிலரைச் சொல்கிறேன்.

சகோதரி சுப்புலட்சுமி, பிறப்பு 1886. குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம், உடனே கைம்மை. அப்பா அவரை மூலையில் உட்காரவைக்காமல் படிக்கவைத்தார். 1911ல் பி.ஏ. பட்டம், சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண். தன்னைப் போன்ற இளம் விதவைகள் தங்கிப் படிக்க விடுதி நடத்தி, எத்தனையோ பேரை டீச்சராக்கி அனுப்பினார்.

லட்சுமி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி, காவிரிக்கரைத் தொட்டியத்துக்காரர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தபோது ஆனந்த விகடனில் கதை எழுதிப் படிப்புச் செலவைச் சமாளித்தவர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984ல் சாகித்திய அகாதமி விருது.

இன்னொருவர் முசிறியில் 1925ல் பிறந்த ராஜம் கிருஷ்ணன். பதினைந்து வயதில் கல்யாணம். பள்ளிப் படிப்பு நீளவில்லை. தானே படித்து, தானே எழுதி, உப்பளத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். 1973ல் சாகித்திய அகாதமி விருது. பாதியில் நின்ற எங்கள் தோழிகள் அந்தச் சுவரில் இவர் படத்துக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

டெல்டாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் எப்போதிலிருந்து இருக்கிறது?

தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706ல் வந்து இறங்கினார். அடுத்த வருடமே பெண் பிள்ளைகளுக்கும் பாடம் தொடங்கியது. ஆனால் அந்த ஒரு கடலோர ஊரிலிருந்து வயல்வெளிக் கிராமங்களுக்குப் படிப்பு வந்துசேர இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பக்கத்துப் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டிக்கு மேலே படிக்கப் பெண்கள் கல்லூரி இல்லை. மன்னர் சிறப்பு அனுமதி கொடுத்துத்தான் ஆண்கள் கல்லூரியில் சேர்ந்தார். 1912ல் டாக்டரானார்.

வேதாரண்யத்தில் உப்பு சத்தியாகிரகத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான சர்தார் வேதரத்தினம், 1946ல் கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார். ஆதரவில்லாத பெண் குழந்தைகள் தங்கிப் படிக்கும் இடமாக அது வளர்ந்தது. கல்லூரி என்றால் நம் பக்கத்துப் பெண்களுக்கு ரொம்ப காலம் திருச்சிதான்: 1923ல் ஹோலி கிராஸ், 1951ல் சீதாலட்சுமி ராமசாமி. அப்புறம்தான் தஞ்சாவூரில் குந்தவை நாச்சியார் கல்லூரி, மயிலாடுதுறையில் ஞானாம்பிகை கல்லூரி என்று பஸ்ஸில் போய்வரும் தூரத்துக்கு வந்தது. பதிவேட்டில் எங்கே மேல்படிப்பு அதிகமாகிறது என்று பார்த்தால், புது பஸ் ரூட் எப்போது வந்தது என்பதே தெரிகிறது.

என் பெயரை வெளியே போட வேண்டாம். அப்போதும் சேரலாமா?

தாராளமாக. சிலருக்குப் புகுந்த வீட்டில் சங்கடம், சிலர் விவாகரத்து ஆனவர்கள், சிலருக்குப் பழைய தொல்லைக்காரர் யாராவது தேடி வந்துவிடுவாரோ என்ற பயம். காரணம் கேட்கவே மாட்டோம். ஃபோன் நம்பரை யாருக்கும், கூடப் படித்தவருக்குக்கூட, அவரைக் கேட்காமல் தருவதில்லை. இதில் ஒருமுறை தவறு நடந்தது. ஒரு தோழியின் நம்பர் வேண்டாதவர் கைக்குப் போய், அந்தத் தோழி சிம்மையே மாற்ற வேண்டியதாயிற்று. அதிலிருந்து முழுப் பட்டியல் இரண்டே பேரிடம்தான் இருக்கிறது.

சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டுமா?

சந்திக்க மட்டும் என்றால் வேண்டாம். பணம் வாங்கப்போகிறீர்கள் என்றால் செய்துவிடுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ், குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து.

பள்ளிக்கு ஏதாவது செய்ய ஆசை. என்ன கொடுக்கலாம்?

கேட்டுவிட்டுக் கொடுங்கள். முதலில் நாங்கள் மேடைக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தோம். பிள்ளைகளைக் கேட்டபிறகுதான் தெரிந்தது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை. மாதத்தில் மூன்று நாள் லீவு போடும் பெண்களின் பெயரை வருகைப் பதிவேட்டில் பார்த்தாலே காரணம் தெரிந்திருக்கும். அப்புறம் எல்லாப் பணமும் அதற்குத்தான் போனது.

அரசுப் பள்ளி என்றால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டத்தின் வழியாகக் கொடுக்கலாம். 2022 டிசம்பரில் தொடங்கியது. உதவி பெறும் பள்ளி என்றால் நிர்வாகத்தின் கணக்கில் செலுத்தி ரசீது வாங்குங்கள். கையில் ரொக்கமாக யாருக்கும், எங்களுக்கும் சேர்த்துத்தான், தராதீர்கள்.

பணம் இல்லாதவர்கள் நேரம் கொடுக்கலாம். புதுமைப்பெண் திட்டத்தில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. 2024லிருந்து அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் என்பதால் தடைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயர் குழப்பத்தைச் சரிசெய்வதில் எங்களுக்கு இப்போது நல்ல பழக்கம்! ஜூன், ஜூலையில் பள்ளி வராந்தாவில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

டீச்சர்களையும் தேடுகிறீர்களா?

தேடுகிறோம், அதுவும் முதலில். எண்பது தாண்டியவர்கள் காத்திருக்கமாட்டார்கள். எங்கள் தமிழ் டீச்சரைப் பார்க்கப் போனபோது கண் சரியாகத் தெரியவில்லை. குரலைக் கேட்டே, "கடைசி பெஞ்சுதானே நீ" என்றார்.

சந்திப்பை எந்த நாளில் வைப்பது?

மே மாதம் வைத்தோம், வெயிலில் பெரியவர்கள் வரவில்லை. தீபாவளி சமயம் அடைமழை. நடவு, அறுப்பு நாட்களில் விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்குத் தலையைத் திருப்ப நேரமிருக்காது. கடைசியில் ஆடிப்பெருக்குதான் சரியாக வந்தது. ஆடிப் பதினெட்டுக்கு எப்படியும் பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவார்கள். "அம்மா வீட்டுக்குப் போகிறேன்" என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மேட்டூர் ஜூன் 12ல் திறந்த வருடமாக இருந்தால் ஆற்றிலும் தண்ணீர் நிறைய ஓடும். அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, பள்ளி வளாகம். மதியம் சித்திரான்னம்: புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர். முடிந்தவர்கள் படித்துறைக்குப் போய்க் காதோலை கருகமணி விட்டுவிட்டு வருவார்கள். மற்ற மதத்துத் தோழிகளும் கூடவே வந்து படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

குரூப் போட்டோ இருந்தால் கொண்டு வாருங்கள். அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். மொய் நோட்டு இருந்தால் அதையும். கூட வர முடியாத தோழி யாராவது இருந்தால் அவர் பெயரை, அப்பா இனிஷியலோடு, ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.